படியும் பாதையும்: படுவான்கரையிற் சக்கர நாற்காலிக்குரிய வழி

ஓர் ஊரின் தலங்களையும் காட்சிகளையும் விவரிக்கும் நூல்கள், அவற்றைக் காண வருபவர் நடந்தே வருபவர் என்னும் எடுகோளை வெளிப்படக் கூறாமலே கொண்டுள்ளன. அவ்வெடுகோளை ஆராயப் புகும்பொழுது, சுற்றுலாவைச் சார்ந்த ஒரு சிறு விடயம் சமூக உறவுகள் பற்றிய பெருவினாவாக விரிகின்றது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலுள்ள கொக்கட்டிச்சோலையை மையமாகக் கொண்டு, சக்கர நாற்காலியில் வரும் ஒருவருக்கு அப்பிரதேசம் எவ்வளவு தூரம் திறந்துள்ளது, திறவாத இடத்து அதற்குக் காரணம் யாது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நிலத்தை நோக்குவோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவி இப்பிரதேசத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரிக்கின்றது. இரு கரைகளும் பெரும்பாலும் சமநிலமே. மலையகத்திற் சக்கர நாற்காலியை மறிக்கும் செங்குத்தான சரிவுகள் இங்கில்லை. இயற்கைத் தடையென இங்குக் கூறத்தக்கது நீர் ஒன்றே. அதனைக் கடக்கும் மிதவையை மட்டக்களப்பு மக்கள் ‘பாதை’ என்பர். பிற இடங்களில் நிலவழியைச் சுட்டும் சொல் இங்கு நீரைக் கடக்கும் கலத்துக்குப் பெயராகியமை மனங்கொள்ளத்தக்கது. வழி என்பது தானாகக் கிடப்பதன்று, மனித உழைப்பால் ஆக்கப்படுவது என்னும் உண்மை அச்சொல்லிற் பொதிந்துள்ளது. 2014 இல் யப்பானிய உதவியுடன் அமைக்கப்பட்ட மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. இப்பொழுது நகரிலிருந்து கல்லடி, ஆரையம்பதி வழியாக வந்து, மண்முனையில் வாவியைக் கடந்து, மகிழடித்தீவினூடாகக் கொக்கட்டிச்சோலையை வாகனத்தைவிட்டு இறங்காமலே அடையலாம். இயற்கை இட்ட தடை இவ்வாறு நீங்கிற்று. எஞ்சியிருப்பன மனிதன் கட்டியவையே.

கொக்கட்டிச்சோலையின் சிறப்பு தான்தோன்றீஸ்வரர் ஆலயமாகும். கொக்கட்டி மரத்தை வெட்டியபொழுது குருதி பெருகிற்று என்பதும், போர்த்துக்கேயர் முன்னிலையிற் கல் நந்தி புல்லுண்டது என்பதும் இத்தலத்தின் ஐதிகங்கள். தேசத்துக்கோயில் என மதிக்கப்படும் இவ்வாலயம், குடிவழி உரிமைகளையும் வண்ணக்கர் நிருவாகத்தையும் கொண்டது, தேரோட்டத்தாற் பெயர்பெற்றது. தேர்த்திருவிழாவின் சமூகப் பொருள் இவ்விடத்து அவதானிக்கத்தக்கது. உள்ளே வர இயலாதவரும் காணுமாறு இறைவன் வீதிக்கு வருகிறான் என்பது அவ்விழாவுக்கு மரபு தரும் விளக்கம். ஆயின், ஆண்டில் ஒருநாள் வீதியிற் கிடைக்கும் காட்சி, ஏனைய நாள்களில் உள்ளே செல்லும் உரிமைக்கு ஈடாகாது.

நமது கோயில்களிற் பொதுவாகச் சக்கர நாற்காலியை மறிப்பவை மூன்று: வெளிவீதியின் மணல், உயர்ந்த வாயிற்படி, தூய்மை பற்றிய கருத்து. முதலிரண்டும் கட்டுமானம் சார்ந்தவை. மூன்றாவது கருத்தியல் சார்ந்தது. வீதியில் உருண்ட சில்லு செருப்புக்கு ஒப்பானது, எனவே உள்ளே கூடாது என்பர். சக்கர நாற்காலி அதில் அமர்ந்திருப்பவருக்குச் செருப்பன்று, கால். நடப்பவரின் காலும் வீதியிற் பட்டதுதான். அவர் அதனைக் கழுவிவிட்டு உட்புகுகின்றார். சில்லையும் கழுவலாம். பெருஞ்சில்லுகளில் இறைவனை வீதிக்குக் கொணரும் ஒரு மரபு, சிறுசில்லை வாயிலில் மறிப்பது முரண்பாடாகும்.

இம்முரண்பாட்டுக்கு நமது வரலாற்றில் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1957 இல் இலங்கையில் இயற்றப்பட்ட சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதியின் பெயரால் வணக்கத்தலங்களிலும் பொதுவிடங்களிலும் மறிக்கப்படுவதைக் குற்றமாக்கிற்று. ‘குறைபாடு’ என்ற சொல்லை அது மறிக்கப்பட்டவரின் உடலுக்கன்றி, மறிக்கும் சமூகத்தின் செயலுக்கே பெயராக்கியமை கவனிப்புக்குரியது. எனினும் சட்டத்தால் மாத்திரம் கதவுகள் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் எழுச்சியும், 1968 இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் வேண்டியிருந்தன. சாதி ஒடுக்குமுறையும் உடல் ஊனமுற்றோர் ஒதுக்கப்படுதலும் ஒன்றல்ல. முன்னையது உழைப்பையும் நிலத்தையும் பற்றிய நேரடிச் சுரண்டலோடு பிணைந்தது. ஆயினும் வாயிலில் நின்றுவிடும் அனுபவமும், சட்டத்துக்கும் நடைமுறைக்குமிடையே கிடக்கும் இடைவெளியும் இரண்டுக்கும் பொதுவானவை.

1976 இல் பிரித்தானியாவில் உடல் ஊனமுற்றோரின் ஒன்றியமொன்று வெளியிட்ட கோட்பாட்டு அறிக்கை இதே வேறுபாட்டைத் தெளிவாக்கிற்று. உடலின் ஊனம் ஒன்று. சமூகம் அதன்மேற் சுமத்தும் இயலாமை வேறொன்று. அவ்வொன்றியத்தின் சிந்தனையாளருள் ஒருவரான விக் ஃபிங்கல்ஸ்ரைன், தென்னாபிரிக்க நிறவெறி ஆட்சியாற் சிறையிடப்பட்டவர். தாமே சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியவர். இயந்திரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் உடலையே முதலாளித்துவ உற்பத்தி இயல்பான உடலாக வகுத்தது என்னும் மார்க்சிய விளக்கம் இம்மரபில் வளர்ந்தது.

இலங்கையில் 1996 இன் 28 ஆம் இலக்கச் சட்டம் இவ்வுரிமையை ஏற்றது; 2006 இன் ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களுக்கான அளவுகளை விதித்தன; சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், 2011 இல் உயர் நீதிமன்றம் அவற்றை நடைமுறைப்படுத்துமாறு கட்டளையிட்டது. 2016 இல் ஐக்கிய நாடுகளின் சமவாயமும் ஏற்புறுதி செய்யப்பட்டது. ஏட்டில் உள்ளது இவ்வளவு.

படுவான்கரையில் இவ்வினா மேலும் கூர்மையானது. 1987 இலும் 1991 இலும் பொதுமக்கள் படுகொலைகளைக் கண்ட மண் இது. 2009 வரை நீடித்த போர் பலரின் கால்களைப் பறித்தது. அவர்களுட் பெரும்பாலோர் வயலையும் வாவியையும் நம்பி வாழ்ந்த உழைப்பாளர். எனவே இங்குச் சக்கர நாற்காலி வெளியூர்ப் பயணிக்கு மட்டும் உரியதன்று. உல்லாச விடுதியின் எல்லைக்குள் பணம் செலுத்துபவருக்குச் சாய்தளம் அமைத்துவிட்டு, சந்தைக்கும் ஆலயத்துக்கும் துறைக்கும் அதனை மறுப்பது உரிமையைப் பண்டமாக்குவதாகும். ஊரவருக்குத் திறந்த வழியே வருபவருக்கும் திறந்த வழி.

வேண்டப்படுபவை அரியனவல்ல. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளமான சாய்தளம், தொண்ணூறு சென்ரிமீற்றர் அகலமான வாயில், நாற்காலி திரும்ப ஒன்றரை மீற்றர் வெளி, அதற்கேற்ற மலசலகூடம், மணல்வீதியின் ஓரமாகக் கெட்டியான ஒரு தடம். அரையடிப் படியை வெல்ல ஆறடிச் சாய்தளம் போதும். துறையில் தோணியின் விளிம்புக்குச் சமமாக ஒரு தளம் இருப்பின் வாவிப் பயணம் இயலும். நகரிலே காந்திப் பூங்காவின் வாவிக்கரை சமநிலத்தில் உள்ளது. கோட்டையின் கொத்தளங்களோ படியேறுவோருக்கே உரியன. பௌர்ணமி இரவிற் கல்லடிப் பாலத்தருகே கேட்பதாகக் கூறப்படும் மீன்பாடலைச் செவிமடுக்கக் கால் வேண்டியதில்லை. நீரருகே செல்ல ஒரு வழியே வேண்டும்.

அவ்வழியை ஆக்கலாம் என்பதற்குக் கடல்கடந்த ஒரு சான்றும் உண்டு. சென்னை மெரீனாவில் மாற்றுத்திறனாளிகளின் நீண்டகாலக் கோரிக்கையின் விளைவாக 263 மீற்றர் நீளமான மரப்பாதை 2022 நவம்பரிலே திறக்கப்பட்டது. மணலின்மேற் சக்கர நாற்காலி அலையருகே சென்றது. இரு வாரங்களுக்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது. பின்னர் அது திருத்தப்பட்டது. கோரிக்கையின்றி வழி பிறப்பதில்லை, பராமரிக்கும் உழைப்பின்றி அது நிலைப்பதுமில்லை என்னும் இரு பாடங்களும் இதிலுள்ளன.

கொக்கட்டிச்சோலையில் நீரின்மேற் பாலம் கட்டப்பட்டுவிட்டது. இனிக் கடக்க வேண்டியவை சில படிகளே. அவற்றை அமைத்தது சமூகம். அவற்றை மாற்றும் பொறுப்பும் சமூகத்துடையதே. அப்பொறுப்பு அன்னதானம் போன்ற அறச்செயலாகவன்றி, வாயிலில் நிற்பவரின் உரிமைக்கான கடப்பாடாக உணரப்படும்பொழுதே தேசத்துக்கோயில் என்னும் பெயர் தன் முழுப்பொருளைப் பெறும்.