திருச்சிராப்பள்ளிக் காவிரியில் சிறுபடகுப் பொழுதுபோக்கு

திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் பகுதி மக்கள் புணை, பரிசல், தெப்பம் ஆகிய சிறு மிதவைகளைச் சார்ந்து பொழுது கழிக்கும் வழக்கம் பழமையானது. திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கி.மீ. தொலைவிலுள்ள முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தீவே ஸ்ரீரங்கம். இருபுறமும் ஆறு இருந்தாலும், படகில் செல்வது நீரோடும் மாதங்களில் மட்டுமே இயலும்.

சங்க காலம்

இன்று திருச்சி மாநகரின் ஒரு பகுதியான உறையூர், சோழர்களின் தலைநகராக இருந்தது. அங்குக் காவிரியில் நடந்த புனலாட்டைப் பரணர் அகநானூற்றின் 6ஆம் பாடலில் குறிப்பிடுகிறார். ஓடக்கோலும் ஊன்றி நிற்காத வெள்ளத்தில், வேழத் தண்டுகளால் கட்டிய புணையைத் தழுவித் தலைவன் பரத்தையோடு நீராடியதைச் சொல்லித் தலைவி ஊடுகிறாள். இங்குப் புணை ஊர்போய்ச் சேர உதவும் கலம் அன்று. பற்றிக்கொண்டு மிதந்து விளையாட உதவுவது.

இவ்விளையாட்டில் ஆபத்தும் இருந்தது. கழார் என்னும் துறையில் புனல்விழாவின்போது ஆட்டனத்தியைக் காவிரி இழுத்துச் சென்றதையும், ஆதிமந்தி அவனைத் தேடி அலைந்ததையும் சங்கப் பாடல்கள் கூறுகின்றன.

பரிசல்

மூங்கில் பிளாச்சுகளால் வட்டமாகப் பின்னப்படுவது பரிசல். முன்பு அடியில் தோல் போர்த்தினர்; பின்னர் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வந்தன. ஆற்றைக் கடக்கவும் மீன் பிடிக்கவும் இது பயன்பட்டது. முன்பக்கம், பின்பக்கம் என்று இதற்கு இல்லாததால், துடுப்பை ஒரே பக்கம் போட்டால் சுழலும். ஓகேனக்கலில் சுற்றுலாப் பயணிகள் விரும்புவது இந்தச் சுழற்சியையே. நீரோட்டத்தை எதிர்த்துச் செலுத்துவது கடினம் என்பதால், ஓட்டத்தோடு வந்து இறங்கியபின் பரிசலைத் தலையில் கவிழ்த்துச் சுமந்தபடி பரிசல்காரர் கரையோரமாக நடந்து மேலேறுவார்.

பரிசலில் செல்பவர் சுற்றிலும் எடை சமமாகும்படி தரையில் உட்கார வேண்டும். எழுந்து நிற்பதோ, எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதோ பரிசலைக் கவிழ்த்துவிடும். எனவே பேச்சும் வேடிக்கை பார்த்தலுமே பயணத்தின் பெரும்பகுதி.

தெப்பம்

ஸ்ரீரங்கத்தில் மாசி மாதத் தெப்பத் திருவிழாவில் நம்பெருமாள் நாச்சியார்களுடன் தெப்பத்தில் எழுந்தருளி, குளத்தின் நடுவிலுள்ள மண்டபத்தைச் சுற்றி வருகிறார். மலைக்கோட்டை அடிவாரத் தெப்பக்குளத்தில் பங்குனியில் தாயுமானவருக்குத் தெப்பம் நடக்கிறது. இங்கு உலா வருவது இறைவன். மக்கள் படிகளில் அமர்ந்து அதைப் பார்த்துப் பொழுது கழிக்கின்றனர்.

நீர் இருக்கும் காலம்

1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின், காவிரியின் நீரோட்டம் அணைத் திறப்பைச் சார்ந்ததாயிற்று. பாசனத்திற்காக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது மரபு. நீர்வரத்துக் குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும். கோடையில் ஸ்ரீரங்கத்தைச் சுற்றிப் பெரும்பாலும் மணலே தெரியும். உபரிநீர் திறக்கப்படும் நாட்களிலோ வெள்ளத்தின் வேகம் பரிசலுக்கு ஏற்றதன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களே படகுக்கு உரியவை. அப்போதும் உயிர்காப்பு உடை அணிவது அவசியம்.