மஞ்சள் குளிசையும் மகரகம மருந்தும்

மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுவதற்காக வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உறவினர் வீடுகளில் தங்கியிருக்கும் எமது குடும்பங்கள் பல. "சுவாமி, மஞ்சள் குளிசையும் சேர்த்து எடுத்தால் அந்த மருந்து கூட வேலை செய்யுமாம், உண்மையோ?" என்று கேட்கிறார்கள்.

இதை வெறும் பேச்சென்று தள்ள முடியாது. எமது முற்றங்களில் நிற்கும் பட்டிப்பூச் செடியிலிருந்து 1958இல் கனடாவில் நோபிள், பியர் என்னும் ஆய்வாளர் இருவர் வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தனர். அதே செடியின் வின்கிறிஸ்டின் இன்றும் சிறுவரின் குருதிப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது.

சில புற்றுக்கலங்கள் மருந்துக்கு மசிவதில்லை. கிணற்று நீரை இயந்திரம் இறைத்துத் தள்ளுவதுபோல, கலத்தின் மென்சவ்விலுள்ள ஒரு புரதம் உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளிவிடும். மஞ்சளிலுள்ள குர்குமினும் மிளகிலுள்ள பைப்பரினும் இந்த இறைப்பைத் தடுப்பது ஆய்வுகூடத்தில் காணப்பட்டுள்ளது. தடுத்தால் குறைந்த மருந்துக்கும் கலம் சாகும்.

கண்ணாடித் தட்டு வேறு, மனித உடம்பு வேறு. உண்ட குர்குமினைக் குடலும் ஈரலும் விரைவில் மாற்றிக் கழித்துவிடும். குருதியிற் சேர்வது சொற்பம். 1998இல் பெங்களூர் புனித யோவான் மருத்துவக் கல்லூரியில் (அது எமது திருச்சபையின் நிறுவனமே) 2 கிராம் குர்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது குருதியிற் சேர்ந்த அளவு ஏறக்குறைய 20 மடங்காயிற்று. மிளகு சேர்த்த குளிசைகள் விற்பனையாவது இதனாலேயே. ஆனால் அந்த ஆய்வு புற்றுநோயாளரிடம் செய்யப்பட்டதன்று.

ஆபத்தும் இங்கேதான். பைப்பரின் ஈரலின் வேலையைத் தடுத்தால், ஏற்றிய மருந்தும் கழியாமல் தங்கக்கூடும். வைத்தியர் உயரமும் நிறையும் பார்த்துக் கணக்கிட்ட அளவு பிழைத்துவிடும். குர்குமின் சில மருந்துகளின் வேலையைக் குறைப்பதாகவும் 2002இல் எலிகளில் கண்டார்கள். பட்டிப்பூ இலையை அவித்துக் குடிப்பது இதிலும் மோசம். நரம்பையும் வெண்குருதிக் கலங்களையும் தாக்கும் நஞ்சு அது. கஷாயத்தில் எவ்வளவு இறங்கியதென்று எவராலும் சொல்ல முடியாது.

கறிக்குப் போடும் மஞ்சளை நிறுத்த வேண்டியதில்லை. பேச்சு குளிசையைப் பற்றியது. வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்கும் மருந்தைக் குழப்புவதற்கா இருக்கிற காசையும் செலவழிப்பது?

ஏற்கெனவே எடுத்து வருபவர்கள் அதை மறைக்க வேண்டாம். அடுத்த முறை 138 பஸ்ஸில் மகரகமவுக்குப் போகும்போது, கிளினிக் கொப்பியோடு குளிசைப் போத்தலையும் பையில் வையுங்கள். மருந்து ஏற்றுமுன் வைத்தியரிடம் காட்டுங்கள். சிங்களம் தெரியாதென்று தயங்க வேண்டாம். போத்தலில் ஒட்டியிருப்பதை அவர் வாசித்துக்கொள்வார்.