நெப்டியூனைக் காட்டிய ஊகம்

விஞ்ஞானிகள் பல உண்மைகளைத் தொகுத்து அவற்றிலிருந்து பொதுவிதி காண்கிறார்கள் என்று பாடநூல்கள் கூறும். இது பாதிதான் சரி. விதி காண்பது ஒரு வேலை. கண்ணெதிரே உள்ள ஒரு விசித்திரத்திற்குக் காரணம் காண்பது வேறொரு வேலை. முன்னது தொகுத்தறிதல். பின்னதைச் சிறந்த விளக்கத்தை ஊகித்தல் எனலாம். தேர்வுத் தாள்களில் மாணவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுவதுண்டு.

0, 3, 6, 12, 24 என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். ஒவ்வொன்றோடும் 4-ஐக் கூட்டி 10-ஆல் வகுத்தால் 0.4, 0.7, 1, 1.6, 2.8, 5.2, 10 என வரும். சூரியனிலிருந்து பூமியின் தூரத்தை 1 என்று கொண்டால், ஏறக்குறைய இவையே கோள்களின் தூரங்கள்! டிட்டியஸ் 1766-லும் போடே 1772-லும் இதை எடுத்துக்காட்டினர். 1781-ல் ஹெர்ஷல் கண்ட யுரேனசுக்கு விதிப்படி 19.6, உண்மைத் தூரம் 19.2. காலியாயிருந்த 2.8-ன் அருகில் 1801-ல் சீரிஸ் அகப்பட்டது. கண்டவற்றின் ஒழுங்கை, அதே இனத்தைச் சேர்ந்த காணாத ஒன்றுக்கும் நீட்டுவதுதான் தொகுத்தறிதல். அந்த ஒழுங்கு ஏன் வந்தது என்று அது கேட்பதில்லை.

யுரேனஸ் கணக்கிட்ட பாதையில் செல்லவில்லை. 1822 வாக்கில் வரை அதன் வேகம் சற்று மிகுந்தும், பிறகு குறைந்தும் காணப்பட்டது. இங்கே தொகுப்பதற்கு என்ன இருக்கிறது? மாறாக, காரணங்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டியிருந்தது. நெடுந்தொலைவில் நியூட்டனின் ஈர்ப்பு விதி மாறுகிறதா? அப்படியானால், அதே தொலைவில் ஒரு காலம் வேகம் கூடுவானேன், பிறகு குறைவானேன்? பெரிய துணைக்கோள் ஒன்று இழுக்கிறதா? அந்த ஆட்டம் குறுகிய காலத்தில் மாறி மாறி வரும், பல்லாண்டுகள் நீளாது. அப்பால் ஒரு கோள் இருந்தால்? யுரேனஸ் அதை நெருங்கும்போது அது முன்னே இழுக்கும். கடந்து போனபின் பின்னே இழுக்கும். எல்லாம் பொருந்துகிறது.

பிரெஞ்சு அறிஞர் லெவெரியே அதன் இடத்தைக் கணக்கிட்டு எழுதினார். 1846 செப்டம்பர் 23 அன்று, கடிதம் கிடைத்த அதே இரவில், பெர்லினில் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். குறித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது! தூரம் மட்டும் 30.1. போடே விதி சொன்னதோ 38.8. பாவம், அந்த விதி அத்துடன் மதிப்பிழந்தது.

ஆனால் ஊகமும் ஏமாற்றும். புதன் கோளின் பாதையில் சூரியனை மிக அண்மிய புள்ளி, தெரிந்த ஈர்ப்புகளால் விளங்காதபடி, நூற்றாண்டுக்கு 43 விகலை கூடுதலாக நகர்கிறது. (3600 விகலை ஒரு பாகை.) இந்த மிகுதியை 1859-ல் முதலில் அறிவித்தவரும் லெவெரியேதான். அவர் கண்ட அளவு 38. புதனுக்கும் உள்ளே ஏதோ ஒன்று இழுக்கிறது என்றார். வென்ற வழிதானே! ‘வல்கன்’ என்று பெயரும் வைத்தாயிற்று. கண்டதாகச் சிலர் கூறவும் செய்தனர், உறுதிப்படவில்லை. 1877-ல் லெவெரியே மறைந்தார்.

1915-ல் ஐன்ஸ்டைன், எந்தப் புதிய கோளையும் சேர்க்காமல், தம் பொதுச் சார்பியல் கொள்கையிலிருந்து அந்த 43 விகலையைப் பெற்றார். யுரேனஸ் விவகாரத்தில் தள்ளப்பட்ட விளக்கம், அதாவது ஈர்ப்பு விதியிலேயே திருத்தம் வேண்டும் என்பது, புதனின் விஷயத்தில் சரியாயிற்று. லெவெரியேயின் காலத்தில் அந்தத் திருத்தம் யாரிடமும் இல்லை. இருந்த விளக்கங்களுள்தான் அவரால் சிறந்ததைத் தேர்ந்தெடுக்க முடிந்தது.