வீடு வரை செல்லட்டும் தீப் பாதுகாப்புப் பாடம்

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையலறையில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவியது. மாடி வகுப்பறைகளில் இருந்த பிள்ளைகளில் பலரால் வெளியேற முடியவில்லை. 94 குழந்தைகளை இழந்தோம். அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. ஆனால், கட்டடம் பாதுகாப்பாக இருந்தால் மட்டும் போதாது. தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது என்பதும் குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் மக்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் ஏறும்போது பொருள்களை மேலே எடுத்துவைக்கவாவது சற்று நேரம் கிடைக்கலாம். தீ அந்த நேரத்தைத் தராது. சில நிமிடங்களில் அறை முழுவதும் புகை சூழ்ந்துவிடும். அப்போது யோசித்துக்கொண்டிருக்க முடியாது; பழகியதுதான் கைகொடுக்கும். எனவே இப்பாடத்தைச் சொல்லிக் கொடுப்பதைவிடச் செய்து பழக்குவதே முக்கியம்.

தொடக்க வகுப்புகளில் மூன்று பயிற்சிகள் போதும். உடையில் தீப்பற்றினால் ஓடக்கூடாது. ஓடினால் காற்றுப்பட்டுத் தீ வளரும். 'நில், படு, உருள்' என்று சொல்லிக்கொண்டே முகத்தைக் கைகளால் மூடி உருளச் செய்யுங்கள். சூடான புகை மேலே எழும். தரையை ஒட்டிய காற்றுதான் ஓரளவு தெளிவாக இருக்கும். ஆகவே குனிந்தோ தவழ்ந்தோ வெளியேறப் பழக்குங்கள். கட்டிலுக்கு அடியிலோ கழிவறையிலோ ஒளியக்கூடாது, புத்தகப் பையை எடுக்கத் திரும்பி வரக்கூடாது என்பது மூன்றாவது.

மேல் வகுப்பு மாணவர்களுக்குக் காரணத்தையும் விளக்கலாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரைமட்டத்தில் தேங்கும். வாடை வந்தால் மின் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்தபின் 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும். வாணலி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றினால் தீ சிதறும். பெரியவர்கள் அடுப்பை அணைத்து, தட்டால் மூடினால் காற்றின்றித் தீ அடங்கும். தீக்காயத்தின் மீது பற்பசையோ மையோ தடவாமல் 20 நிமிடம் ஓடும் குழாய் நீரில் காட்ட வேண்டும். தீயணைப்புத் துறையின் எண் 101. அழைப்பவர் முகவரியைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதையும் வகுப்பில் பேசிப் பழகலாம்.

இனி வீட்டுப்பாடம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டின் வரைபடத்தை வரைந்து, வெளியேறும் வழிகளையும் வெளியே அனைவரும் கூட வேண்டிய இடத்தையும் குறித்து வரட்டும். படிக்கட்டை அடைத்தபடி வண்டி நிற்கிறதா? இரவில் பூட்டும் கிரில் கதவின் சாவி எங்கே இருக்கிறது? அம்மாவிடமும் அப்பாவிடமும் கேட்டு எழுதி, அவர்களிடம் கையொப்பம் பெற்று வரச் சொல்லுங்கள். பிள்ளை கேட்ட அன்றே அந்தச் சாவிக்கு எல்லோர் கைக்கும் எட்டும் ஓர் ஆணி அடிக்கப்பட்டால், நம் பாடம் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள்.