கருப்புத் திரை - 14: சொந்த நோட், சொந்தக் கணக்கு

பிட்காயினுக்குத் தலைமை அலுவலகம் கிடையாது என்று சென்ற வாரம் பார்த்தோம். அப்படியானால் ஒரு பரிவர்த்தனை செல்லுமா, செல்லாதா என்று முடிவு செய்வது யார்? உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கும் நோடுகள்தான். 2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் பிளாக்கில் தொடங்கி இன்றுவரையிலான மொத்தக் கணக்கையும் ஒவ்வொரு நோடும் தானே வாங்கித் தானே சரிபார்க்கிறது. அப்படி ஒரு நோடை நம் லினக்ஸ் கணினியில் ஏற்றிச் சோதிப்பதுதான் இந்த வாரப் பாடம். இதற்கு உங்களிடம் பிட்காயின் இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

முதல் சோதனை மென்பொருளுக்கு

நோடாக ஓடும் பிட்காயின் கோர் மென்பொருளை இறக்கும்போது, கூடவே ‘எஸ்எச்ஏ256சம்ஸ்’ என்ற ஹேஷ் பட்டியலையும், அதே பெயரில் ‘ஏஎஸ்சி’ என்று முடியும் கையெழுத்துக் கோப்பையும் இறக்குங்கள். டெர்மினலில் எஸ்எச்ஏ256சம் கட்டளையால் பட்டியலைச் சோதித்தால், நீங்கள் இறக்கிய கோப்பின் பெயருக்கு எதிரே ‘ஓகே’ என்று வர வேண்டும்.

இது பாதிச் சோதனைதான். கோப்பை மாற்றி வைக்கத் தெரிந்தவனுக்குப் பட்டியலை மாற்றவும் தெரியும். அதனால் ‘ஜிபிஜி --வெரிஃபை’ கொடுத்துக் கையெழுத்தையும் பாருங்கள். 2021-ல் வந்த 22.0 பதிப்பு முதல், பல டெவலப்பர்கள் மூல நிரலைத் தனித்தனியே தொகுத்து, எல்லோருக்கும் ஒரே ஹேஷ் வருகிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுகிறார்கள். அவர்களில் சிலருடைய பொதுச் சாவிகளை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். ‘குட் சிக்னேச்சர்’ என்று வராத கோப்பை நிறுவவே கூடாது.

ஓட விடுவோம்

மொத்தச் சங்கிலி 600 ஜிபியைத் தாண்டிவிட்டது. எனவே புதிதாக வாங்குபவர்கள் 2 டிபி எஸ்எஸ்டியாகவே வாங்குவது நல்லது. அவ்வளவு இடம் இல்லாதவர்கள் பிட்காயின் டாட் கான்ஃப் கோப்பில் ‘ப்ரூன்=550’ என்று எழுதலாம். அப்போதும் நோட் எல்லா பிளாக்குகளையும் வாங்கிச் சரிபார்க்கும். பிறகு பழையவற்றை அழித்துவிடும். ஆனால் செலவழியாத காசுகளின் பட்டியலுக்கு மட்டும் பத்து ஜிபிக்கு மேல் தேவைப்படும். ரேம் தாராளமாக இருந்தால் ‘டிபிகேஷ்=4000’ என்று சேருங்கள்; வேலை விரைவாக முடியும்.

‘பிட்காயின்டி -டீமன்’ என்று அடித்தால் நோட் ஓடத் தொடங்கும். முதல் ஒத்திசைவுக்குச் சில நாட்கள்கூட ஆகலாம். நிறுத்த வேண்டுமானால் ‘பிட்காயின்-சிஎல்ஐ ஸ்டாப்’ கொடுத்து, முழுதாக நிற்கும்வரை காத்திருங்கள். நடுவில் மின்சாரம் போனால் தரவு கெட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து அடுக்க நேரலாம். அதனால் யுபிஎஸ் அவசியம்.

கேள்வி கேட்போம்

முதலில் ‘பிட்காயின்-சிஎல்ஐ கெட்பிளாக்ஹேஷ் 0’ என்று கேளுங்கள். திரையில் வரும் நீண்ட ஹேஷ் பத்து பூஜ்யங்களுடன் தொடங்கும். அடுத்து 19 வரும். சடோஷி நகமோட்டோ உருவாக்கிய முதல் பிளாக்கின் அடையாளம் அது.

அடுத்து ‘கெட்பிளாக்செயின்இன்ஃபோ’. இதில் நான்கு வரிகளைப் பாருங்கள். ‘செயின்’ என்பதற்கு எதிரே ‘மெயின்’ இருக்க வேண்டும். ‘பிளாக்ஸ்’, ‘ஹெடர்ஸ்’ இரண்டும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ‘இனிஷியல்பிளாக்டவுன்லோட்’ என்பதில் ‘ஃபால்ஸ்’ வந்தால் ஒத்திசைவு முடிந்தது என்று பொருள். ‘கெட்கனெக்‌ஷன்கவுண்ட்’ கொடுத்தால் சுமார் பத்து இணைப்புகளாவது தெரியும். பூஜ்யம் என்று வந்தால் உங்கள் ஃபயர்வாலைப் பாருங்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்த, பழைய பிளாக்குகளின் கையெழுத்துச் சோதனையை மட்டும் பிட்காயின் கோர் இயல்பாகத் தவிர்த்துவிடும். அதையும் செய்து பார்க்க விரும்புபவர்கள், தொடங்கும்போதே ‘அசூம்வேலிட்=0’ என்று கொடுக்க வேண்டும்.

எதற்கு இவ்வளவு சிரமம்?

2010 ஆகஸ்ட் 15 அன்று 74,638-வது பிளாக்கில் ஒரு பரிவர்த்தனை 18,400 கோடிக்கும் மேற்பட்ட பிட்காயின்களை உண்டாக்கியது. விதிப்படி எக்காலத்துக்கும் சேர்த்தே 2.1 கோடிதான் இருக்க முடியும். இரண்டு பெரிய தொகைகளைக் கூட்டும்போது எண் நிரம்பி வழிந்த நிரல் பிழைதான் காரணம். சில மணி நேரத்தில் திருத்தப்பட்ட 0.3.10 பதிப்பு வந்தது. நோட் நடத்தியவர்கள் அதற்கு மாறினார்கள். அவர்களுடைய நோடுகள் அந்த பிளாக்கை ஏற்க மறுத்தன. விரைவிலேயே சரியான சங்கிலி நீண்டு, தவறான சங்கிலியை முந்தியது.

இன்று புழக்கத்தில் எவ்வளவு பிட்காயின் இருக்கிறது என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். ‘கெட்டிஎக்ஸ்அவுட்செட்இன்ஃபோ’ என்று கேட்டால், சில நிமிடங்களில் உங்கள் நோட் கூட்டிச் சொல்லும். எந்த எக்ஸ்சேஞ்சையும் எந்த இணையதளத்தையும் நம்ப வேண்டியதில்லை.

பிட்காயினில் பணம் போடலாமா என்ற கேள்விக்கு இந்தத் தொடர் பதில் சொல்லப் போவதில்லை. ஆனால் ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்தவர் சர்வர் காட்டும் இருப்பை மட்டும் நம்பியிருக்காதீர்கள், ஒரு நோடை ஓட்டி நீங்களே பாருங்கள். வாலெட்டைச் சொந்த நோடுடன் இணைப்பது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் ஒத்திசைவை முடித்து வையுங்கள்.