உங்களுக்குத் தெரியுமா? 1980-க்குப் பின் ஒருவரையே அடுத்தடுத்து அனுப்பாத தொகுதி

காட்கோபர் கிழக்கு, காட்கோபர் மேற்கு ஆகிய இரண்டும் மும்பை வடகிழக்கு மக்களவைத் தொகுதிக்குள் அடங்கியவை. முலுண்ட், விக்ரோலி, பாண்டுப் மேற்கு, மான்கூர்டு சிவாஜிநகர் ஆகியவை மற்ற நான்கு சட்டமன்றத் தொகுதிகள். பக்கத்திலிருக்கும் செம்பூரோ தாராவியுடன் சேர்ந்து மும்பை தென்மத்தியத் தொகுதியில் இருக்கிறது.

நெருக்கடி நிலைக்குப் பின் 1977-இல் மும்பை வடகிழக்கில் ஜனதா கட்சி சார்பில் வென்றவர் சென்னையில் பிறந்த சுப்பிரமணியன் சுவாமி. 1980-இலும் அவரே வென்றார். அதன்பின் 2024 வரை எவரும் அடுத்தடுத்து இருமுறை வென்றதில்லை. காங்கிரஸின் குருதாஸ் காமத் 1984, 1991, 1998, 2004 என நான்கு முறை வென்றும், ஒவ்வொரு வெற்றிக்கும் அடுத்த தேர்தலில் தொகுதி வேறொருவர் கைக்குப் போனது. இடையில் வென்ற ஜெயவந்திபென் மேத்தா (1989), பிரமோத் மகாஜன் (1996), கிரிட் சோமையா (1999) மூவருமே பா.ஜ.க.வினர்.

எல்லா மாற்றங்களும் வாக்காளர் தந்தவை அல்ல. 2009-இல் காமத் மும்பை வடமேற்குக்கு மாறினார். 2014-இல் மீண்டும் வென்ற சோமையாவுக்கு 2019-இல் கட்சி வாய்ப்பளிக்காததால் மனோஜ் கோடக் நின்று வென்றார். 2009-இல் தேசியவாத காங்கிரஸ் சார்பில் சுமார் 3,000 வாக்கு வித்தியாசத்தில் வென்ற சஞ்சய் தினா பாட்டீல், 2024-இல் உத்தவ் தாக்கரேயின் சிவசேனா வேட்பாளராக ஏறத்தாழ 30,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.