டீசல் பம்பியின் திருகாணியும் வன்னியின் தொழிலறிவும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் வேளாண்மை இன்று டீசல் இயந்திரத்திற் பெரிதும் தங்கியுள்ளது. இரணைமடு, முத்தையன்கட்டு, பாவற்குளம் ஆகிய குளங்களின் கீழுள்ள வயல்களை உழுவதும், விளைந்த நெல்லை அறுப்பதும், அதனை ஏற்றிச் செல்வதும் அவ்வியந்திரமே. இழுவை குறைந்துவிட்டதெனக் கருதும் உரிமையாளர் திருத்துநரிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: ‘பம்பைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ.’ இக்கோரிக்கையின் பொருள் யாது? அதற்கான விலையைச் செலுத்துபவர் யார்? இவ்வினாக்களை இயந்திரத்தின் இயல்பிலிருந்தே நோக்க முற்படுவோம்.

1897 இல் உறுடொல்ப் டீசல் செயற்படுத்திக் காட்டிய இயந்திரத்திற் தீப்பொறிக்கு இடமில்லை. உருளையினுள் நெருக்கப்படும் வளி 500 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமடைகின்றது. அதனுள் விசிறப்படும் எரிபொருள் தானே தீப்பற்றுகின்றது. உட்புகும் வளியைக் கட்டுப்படுத்தாது, விசிறும் எரிபொருளின் அளவை மாற்றியே வலுவைக் கூட்டுவதும் குறைப்பதும் நிகழ்கின்றன. அவ்வளவை நிர்ணயிப்பது உட்செலுத்தும் பம்பி. 1927 இல் பொஷ் நிறுவனம் இதனைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியதன் பின்னரே, டீசல் இயந்திரம் வீதிக்கும் வயலுக்கும் பரவலாக வந்து சேர்ந்தது.

ஒரு கிராம் டீசல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.5 கிராம் வளி வேண்டும். ஆயின் இரண்டும் கலப்பதற்குக் கிடைக்கும் நேரம் மிகச் சொற்பமாதலால், நடைமுறையில் அதனிலும் கூடிய வளி தேவைப்படுகின்றது. அவ்வெல்லை மீறப்பட்டால் மிகையான எரிபொருள் வலுவாவதில்லை; கரும்புகையாகவும் வீண் வெப்பமாகவும் வெளியேறுகின்றது. ஆகவே வலுவின் எல்லையை வகுப்பது எரிபொருளன்று, வளியே.

இவ்வெல்லையை விரிக்கும் வழியாகவே டேர்போ அமைந்தது. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூக்கி 1905 இல் இதற்கு ஆக்கவுரிமை பெற்றார். வெளியேறும் புகையின் விசையாற் சுழலும் சக்கரம், மேலதிக வளியை நெருக்கி உருளைக்கு அனுப்புகின்றது. ஆனால் குறைந்த வேகத்தில் அம்மேலதிக வளி கிடைப்பதில்லை. எனவே பல டேர்போ இயந்திரங்களின் பம்பியில், வளியின் அமுக்கத்தை உணரும் மென்தகடு ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. அமுக்கம் உயரும்போது மென்தகடு கீழிறங்க, அதனோடு இணைந்த கூம்புவடிவ ஊசி நெம்பை நகரவிட்டு, எரிபொருளைக் கூட்டுகின்றது. வளி வந்த பின்னரே எரிபொருள் என்பதே இவ்வமைப்பின் நியதி.

பொஷ் வீ.ஈ. வகைப் பம்பியின் பின்புறத்திலுள்ள திருகாணி, உச்ச எரிபொருள் அளவை நிர்ணயிக்கின்றது. அதனை உட்புறமாகத் திருகின் எரிபொருள் கூடும். வெறுமனே ஓடும் வேகமும் உயரும். அளவு மிஞ்சினால் இயந்திரம் தன் வேகத்துக்குத் திரும்ப மறுக்கும். ஆதலின் தேர்ந்த திருத்துநர் இதனை முதலில் தொடுவதில்லை. வளிவடிகட்டி, டேர்போக் குழாய்களின் கசிவு, எரிபொருள் வடிகட்டி, நொசில், உட்செலுத்தும் நேரம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கின்றார். பெரும்பாலும் குறை அங்கேயே அகப்படும். அதன் பின்னும் தேவையெனின், பழைய நிலையைக் குறித்துவைத்து, காற்சுற்றிலும் குறைவாகத் திருகி, சுமையுடன் ஓட்டிப் புகையைப் பார்க்கின்றார். அளவு மிஞ்சிய வெப்பம் ஆடுதண்டை உருக்கவும் டேர்போவைச் சிதைக்கவும் வல்லது.

வன்னி வயல்கள் நன்கறிந்த மசி பேர்குசன் 35 போன்ற பழைய உழவு இயந்திரங்களில் டேர்போ இல்லை. அங்கே கூட்டுவதற்கு வளியே இல்லையாதலின், உரிய அளவுக்கு மேற் கூட்டிய எரிபொருள் பெரும்பாலும் புகையே.

இவ்விடத்து வன்னியின் அண்மை வரலாற்றை நினைவுகூர்தல் பொருத்தமாகும். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடை 2002 இன் தொடக்கத்தில் தளர்த்தப்படும் வரை, இங்கு எரிபொருள் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. பெற்றோல் வாகனங்கள் சில துளி பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. டீசல் இயந்திரத்திலோ சிக்கல் வேறானது. மண்ணெண்ணெய் எளிதிற் கசியும் மெல்லிய திரவம். உராய்வுநீக்கும் ஆற்றலும் அதற்குக் குறைவு. சுழல்வகைப் பம்பிக்கோ எரிபொருளே உராய்வுநீக்கி. எனவே பம்பி தேயும், செலுத்தும் அளவு குறையும். மண்ணெண்ணெயுடன் வேறு எண்ணெய் கலந்தமை இத்தேய்மானத்தைத் தடுக்கும் முயற்சியே. பட்டறைகளில் விளைந்த இவ்வறிவைப் பாடநூல்கள் பதிவு செய்யவில்லை.

அன்று, இல்லாத எரிபொருளில் இயந்திரத்தை ஓட்டும் வகையே வினாவாயிருந்தது. இன்று கிடைக்கும் எரிபொருளை வீணாக்காதிருப்பதே வினா. 2022 யூன் மாதத்தில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 460 ரூபாவாக உயர்ந்தது. அடுத்த மாதமே எரிபொருட் பங்கீட்டு முறையும் வந்தது. உரிமையாளன் இழுவையைக் கேட்கின்றான். கரும்புகையைச் சுவாசிப்பவன் சாரதி. எரிந்தும் எரியாமலும் போன டீசலுக்கு உழவுக்கூலியிற் பணம் செலுத்துபவன் சிறு விவசாயி.

திருகாணியைத் திருப்பத் தெரிதல் கைத்திறன். அதனை எங்கே நிறுத்துவதெனத் தெரிதலே அறிவு. அவ்வறிவு வன்னிப் பட்டறைகளில் உண்டு. அதனைக் கேட்டறிந்து, விளக்கி, தமிழில் எழுதிவைப்பது பல்கலைக்கழகத்தார் செய்யவேண்டிய பணியென்றே நாம் கருதுகின்றோம். தடைக்காலத்தில் இயந்திரங்களை ஓடவைத்த தலைமுறை முதுமையடைந்து வருகின்றது.